மெழுகிய தரை, மூடிய தரை: மேற்குக் கடற்கரை வீடுகளில் ஈரத்தின் வரலாறு

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் செல்வோர் பெரும்பாலும் சுவரோவியங்களைக் காணவே செல்கின்றனர். கண் சுவரிலேயே நின்றுவிடுவதால் காலடியில் இருப்பது கவனத்துக்கு வருவதில்லை. 1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டதால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயரையும் பெற்றது. அதன் தரை மெருகேற்றிய கரும்பளிங்கு போலத் தோன்றும். ஆனால் அது கல்லன்று. எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டை வெண்கரு ஆகியவை சேர்ந்த கலவை என்று மரபாகக் கூறப்படுகிறது. திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய இருப்பிடமாக இருந்து இன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரைக்கும் ஏறத்தாழ இதே சேர்மானமே சொல்லப்படுகிறது.

இத்தகைய பட்டியல்கள் வழிகாட்டிகளின் வாயில் மந்திரம் போல ஒலிக்கின்றன. முட்டை வெண்கரு என்றதும் கேட்போர் வியந்து அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகின்றனர். கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. காயலுக்கு அருகில், ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலத்தில், நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே கிடக்கும் இடத்தில், இப்படியொரு தரை நூற்றாண்டுகளைத் தாங்கி நிற்கிறது. அதே நிலத்தில் பத்தாண்டு வயதுள்ள கான்கிரீட் தரையில் வெள்ளைப் பொடி பூக்கிறது, பூச்சு கொப்புளிக்கிறது, ஓடு பெயர்கிறது. வேறுபாடு சேர்மானத்தில் மட்டும் இல்லை. ஈரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரு காலங்கள் அளித்த விடைகள் வேறுபட்டிருப்பதில் அது இருக்கிறது.

கடற்கரை வீட்டின் தரைக்கு ஈரம் முதன்மையாக இரு வழிகளில் வருகிறது. ஒன்று கீழிருந்து வருவது. மண்ணிலுள்ள நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. நீராக ஏறாத இடத்திலும் ஆவியாக ஏறுகிறது. கடற்கரை மண்ணாதலால் அந்த நீர் உப்பையும் சுமந்து வருகிறது. பரப்பை அடைந்ததும் நீர் காற்றில் கலந்துவிட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். மேலே திறந்த பரப்பு இருந்தால் அது பொடியாகப் பூத்துத் துடைப்பத்தோடு போய்விடும். மேலே இறுக்கமான பூச்சு இருந்தால் பூச்சுக்கு அடியில் வளர்ந்து அதைப் பெயர்த்துத் தள்ளும்.

மற்றொன்று மேலிருந்து, காற்றின் வழியே வருவது. காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 85 விழுக்காடு எனக் கொண்டால், ஏறத்தாழ 27 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். மண்ணோடு ஒட்டிய தரை பெரும்பாலும் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். பருவமழை தொடங்கும் நாட்களில் கேரளத்திலும் கொங்கணத்திலும் வீட்டுத் தரை ‘வியர்ப்பது’ இதனால்தான். சிறிது உறிஞ்சும் தன்மையுள்ள தரை இந்த வியர்வையை வாங்கிக்கொண்டு, வெயில் வந்ததும் விட்டுவிடும். கண்ணாடி போன்ற பரப்பு அதை அப்படியே மேலே நிறுத்திக் காட்டும். அதில் முதியவர்கள் வழுக்கி விழுவர். இந்த இரு ஈரங்களையும் பிரித்தறியாமல், தரை நனைந்திருக்கிறது, ஆகவே அதை இறுக மூடவேண்டும் என்று முடிவு செய்வதிலிருந்தே பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

பழைய வீட்டுத் தரைகளில் மிகப் பெரும்பாலானவை மட்டாஞ்சேரியைப் போன்றவை அல்ல. அவை மண் தரைகள். மேற்குக் கடற்கரை முழுவதும், கோவா முதல் தெற்குத் திருவிதாங்கூர் வரை, செம்மண்ணைக் கொட்டி நனைத்து மரப்பலகையால் அடித்து இறுக்கி, மேலே சாணம் மெழுகினர். அந்தப் பலகைக்கு மலையாளத்தில் ‘நிலந்தல்லி’ என்றே பெயர். சாணத்தோடு சிரட்டைக்கரியோ உமிக்கரியோ குழைத்துப் பூசினால் தரை கருமையாகி மினுங்கும். அரண்மனையின் கருந்தரையும் குடிசையின் கருந்தரையும் ஒரே விருப்பத்தின் இரு வடிவங்கள் என்று கொள்ள இடமுண்டு.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘மெழுகுதல்’ என்பது சாணத்தால் தரையைப் பூசுவது. ‘மெழுகு’ என்பது தேனடையிலிருந்து கிடைக்கும் பொருள். மலையாளத்திலும் இவ்விரு சொற்களும் அப்படியே உள்ளன. பூசுதலும் வழவழப்பும் நீர் ஒட்டாமையும் ஒரே சொல்லின் நிழலில் நிற்கின்றன. மெழுகுதல் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. சில நாட்களுக்கொருமுறை, விழாவென்றால் மறுநாளே, மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி, குனிந்து கையால் செய்யப்பட வேண்டியது. ஈரத்தை நிறுத்துவது அதன் நோக்கமன்று. ஈரம் கெடுத்ததை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பதே நோக்கம். அந்தப் புதுப்பித்தலின் சுமை பெண்களின் முதுகில் இருந்தது. வசதியுள்ள வீடுகளில் சாணம் சுமந்து வந்து முற்றத்தையும் களத்தையும் மெழுகியோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். தாங்கள் மெழுகிய முற்றத்தைத் தாண்டி உள்ளே செல்ல அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. பழைய தரையின் குளிர்ச்சியைப் பாடுவோர் இதை எழுத மறந்துவிடுகின்றனர்.

சுண்ணாம்புத் தரை இதற்கு மேற்பட்ட ஓர் அடுக்கில் இருந்தது. கடற்கரையில் சுண்ணாம்புக் கல் அரிது, சிப்பி ஏராளம். வேம்பநாட்டுக் காயலில் ‘கக்கா’ என்று வழங்கும் சிப்பியின் ஓடுகள் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கின்றன. அவற்றைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே கேரளத்தின் ‘கும்மாயம்’ என்னும் சாந்துக்கு மூலப்பொருள். கிழக்குக் கடற்கரையில் பளிங்கென்று ஐரோப்பியரை மயங்க வைத்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சும் சிப்பிச் சுண்ணாம்பால் ஆனதே. அதில் முட்டை வெண்கரு, தயிர், நெய் ஆகியவை சேர்க்கப்பட்டன. மேற்பூச்சு உலர்வதற்குள் வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தனர்.

நெய்யையும் எண்ணெயையும் சேர்த்ததற்கு வேதியியலில் தெளிவான காரணம் உண்டு. கொழுப்பு சுண்ணாம்போடு வினைபுரிந்தால் கால்சியம் சோப்பு உண்டாகிறது. குளிக்கும் சோப்பு நீரில் கரையும். கால்சியம் சோப்பு கரையாது, நீரை விலக்கும். உப்புநீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதைக் கண்டவர்களுக்கு அது புதிதன்று. சுண்ணாம்புச் சாந்தின் நுண்துளைச் சுவர்களில் இந்தப் பொருள் மெல்லிய பூச்சாகப் படிகிறது. துளை அடைபடுவதில்லை, அதன் சுவர் மட்டும் நீரை வெறுக்கத் தொடங்குகிறது. நீர்த்துளி உள்ளே நுழைய முடியாது. ஆவி வெளியேற முடியும். மேலே கல்லால் தேய்த்ததால் துளைகளின் வாய் சுருங்கியிருக்கும். மட்டாஞ்சேரித் தரை நின்றதன் விளக்கத்தில் பெரும்பகுதி இதுவே. முட்டையின் புகழைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்த கைகளின் கணக்கு விடுபட்டுவிட்டது.

சிமெண்ட் இந்தக் கதைக்குள் நுழைந்தது கடல் வழியாகத்தான். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரப்பீப்பாய்களில் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. உள்நாட்டில் அதைச் செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது. அதற்கும் மூலப்பொருள் கடற்சிப்பிதான். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே நின்று வளர்ந்தது. 1936இல் பல ஆலைகள் இணைந்து ஏசிசி உருவான பிறகு சிமெண்ட் சிற்றூர்க் கடைகளுக்கும் எட்டும் பொருளாயிற்று. வேம்பநாட்டுச் சிப்பியும் இந்த வரலாற்றில் தனக்குரிய பங்கைப் பெற்றது: 1946இல் கோட்டயம் அருகே நாட்டகத்தில் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் சிமெண்ட் நிறுவனம், காயலிலிருந்து வாரிய சிப்பியைக் கொண்டே வெள்ளைச் சிமெண்ட் தயாரித்தது.

ஆனால் வெறும் சிமெண்டின் சாம்பல் நிறத்தை வீட்டுக்குள் யாரும் விரும்பவில்லை. வண்ணம் வேண்டியிருந்தது. மேற்குக் கடற்கரையில் தொடங்கி இந்தியா முழுவதும் அந்த வண்ணம் சிவப்பாகவே அமைந்ததற்கு மங்கலத்தையும் மரபையும் காரணம் காட்டுவோர் உண்டு. அவை பொய்யல்ல, ஆனால் அவற்றுக்கு முன்னே வேதியியல் நிற்கிறது. ஈரமான சிமெண்ட் கடுமையான காரம். அதில் பெரும்பாலான சாயங்கள் வெளிறிவிடும்; பிரஷ்ய நீலம் சிதைந்தே போகும். இரும்பு ஆக்சைடோ காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாது; விலையும் குறைவு. கோவாவிலும் கொங்கணத்திலும் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் செம்மண் நிறத்தைப் பூசிக் கீறி ஓவியம் வரையும் ‘காவி’ மரபு ஏற்கெனவே இருந்தது. சிவப்பு காரத்தில் வாழும் என்பதை அங்குள்ள கைவினைஞர் அறிந்திருந்தனர். வட இந்திய மொழிகளில் செங்காவிக்கு வழங்கும் ‘ஹிர்மிஜி’ என்ற சொல்லை, செம்மண்ணுக்குப் பெயர்பெற்ற ஹோர்முஸ் தீவோடு தொடர்புபடுத்துவர். கப்பலில் வந்த நிறம், கப்பலில் வந்த சிமெண்டோடு சேர்ந்தது.

இதே காலத்தில் பம்பாயில் வேறொரு வழி திறந்தது. வசதியுள்ளோர் இங்கிலாந்திலிருந்து பூவேலைப்பாட்டு ஓடுகளைத் தருவித்துவந்த நேரத்தில், பெரோஜ்ஷா சித்வா என்ற வழக்கறிஞரும் அவருடைய உறவினர் ருஸ்தம் சித்வாவும் சுதேசி உணர்வால் 1922இல் ‘பாரத் ஃப்ளோரிங்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கிச் சிமெண்ட் ஓடுகளை உள்நாட்டிலேயே செய்தனர். காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படும் ஓடுகளும் இந்தச் சிமெண்ட் ஓட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் ஓடு வாங்க இயலாத நடுத்தரக் குடும்பங்களுக்கு, இருந்த இடத்திலேயே கொத்தனார் வார்த்துக் கொடுக்கும் சிவப்புத் தரையே எட்டியது. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் கொச்சியிலும் அது பரவிய அதே பத்தாண்டுகளில், கடலீரம் குறையாத கல்கத்தாவிலும் கறுப்புக் கரையிட்ட சிவப்புத் தரை வீடுகளின் அடையாளமாயிற்று. வங்காளிகள் அதைச் சிவப்புத் தரை என்ற பொருளில் ‘லால் மேஜே’ என்றனர்.

சிவப்புத் தரை வார்க்கும் முறையில் பொருளைவிட நேரமே முதன்மையானது. முதலில் நிரப்பிய மண்ணைத் திமிசு போட்டு இறுக்குவர். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், பிற்காலத்தில் கருங்கல் ஜல்லியும் சிமெண்டும் சேர்ந்த அடித்தளம் அமையும். அது இறுகிய பின், மெல்லிய மணலோடு சிமெண்ட் கலந்த பூச்சு. அதன் மேல் சிமெண்டும் சிவப்பும் சலித்துக் கலந்த கடைசிப் படலம். நிறப்பொடி சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தரை வலுவிழக்கும். சலிப்பில் கைத்தவறு நேர்ந்தால் பிறகு எந்தத் தேய்ப்பும் அந்தத் திட்டை மறைக்காது.

பூசியதும் காத்திருக்க வேண்டும். சாந்திலிருந்து மேலே கசியும் நீர் மறையும் வரை கரண்டியை வைக்கக் கூடாது. பொறுமையற்ற கொத்தனார் அந்த நீரை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டைத் தூவுவார். அப்படித் தூவிய தரையில் சில மாதங்களில் மயிரிழைக் கீறல்கள் தோன்றும், காலில் பொடி ஒட்டும். மாசி, பங்குனி வெயிலில் இந்த நீர் விரைவில் மறைந்து மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும். மழைநாளில் மறையவே மறையாது. நீர் மறைந்தபின், விரல் வைத்தால் தடம் விழுந்தும் ஒட்டாத நிலையில், மணியாசுக் கட்டையால் ஒருமுறையும் இரும்புக் கரண்டியால் பலமுறையும் அழுத்தித் தேய்ப்பர். ஒவ்வொரு தேய்ப்பிலும் துளைகள் நெருங்கும். காலையில் தொடங்கிய அறை இரவு விளக்கொளியில் முடிவதுண்டு. நடுவில் விட்டு எழுந்தால் தரையில் அந்த இணைப்பு காலமெல்லாம் தெரியும்.

அடுத்த நாள் அந்தத் தரையைச் சுற்றி மண்ணால் சிறு வரப்பு கட்டித் தண்ணீர் தேக்குவர். ஏழு நாளோ அதற்கும் மேலோ அது மூழ்கியே கிடக்கும். நீரைத் தடுக்கப் போகும் தரையை முதலில் நீரில் அமிழ்த்த வேண்டியிருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அந்த வினையில் விளையும் பொருளே துளைகளை உள்ளிருந்து நிரப்புகிறது. நீரை விரைவில் வடித்துவிட்டால் துளைகள் அப்படியே நின்றுவிடும். பின்னர் எந்த விலையில் எந்தத் திரவத்தை வாங்கிப் பூசினாலும் அந்தக் குறை முழுதும் தீராது.

தண்ணீரை வடித்துத் தரை ஆறியபின் தேங்காயெண்ணெய் பூசித் துணியால் தேய்த்தனர். சில வீடுகளில் மெழுகு. சிமெண்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்பு மேற்பரப்பில் தங்கியிருக்கும். எண்ணெய் அதனோடு சேர்ந்து, மேலே விளக்கிய கால்சியம் சோப்பாக மாறும். அரண்மனைச் சுண்ணாம்பில் நெய் செய்ததை நடுத்தர வீட்டுச் சிமெண்டில் தேங்காயெண்ணெய் செய்தது. அதன் பிறகு வெறுங்கால்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. ஆண்டுகள் செல்லச் செல்லத் தரை மெருகேறியதற்குக் காலின் உராய்வும் வியர்வையின் எண்ணெய்ப் பசையுமே காரணம். நடமாட்டம் மிகுந்த நடுக்கூடம் பளபளக்க, கட்டிலுக்கு அடியிலுள்ள பகுதி மங்கிக் கிடப்பதை அத்தகைய எந்த வீட்டிலும் காணலாம். பிற்காலத்தில் ‘மான்ஷன் பாலிஷ்’ டப்பா அந்த இடத்துக்கு வந்தது.

இந்தத் தரை பெண்களுக்கு அளித்த விடுதலை சிறிதன்று. சாணம் மெழுகும் முறைநாள் மறைந்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்றாயிற்று. வீட்டுத் தரையின் வரலாற்றில் அழகைவிடப் பெரிய திருப்பம் இதுவே என்று கொள்வதில் தவறில்லை. ஆயினும் விலை வேறு கைகளுக்கு மாறியது. சிமெண்ட் குழைத்த பெண்கள், தமிழகத்தில் ‘சித்தாள்’ என்றும் கேரளத்தில் ‘மைக்காடு’ என்றும் அழைக்கப்பட்டோர், வெறுங்கையால் அந்தக் காரத்தைக் கலந்தனர், வெறுங்காலோடு அதில் நின்றனர். காரம் தோலை அரித்தது. சிமெண்டிலுள்ள குரோமியம் ஆறாத சொறியாக மாறியது. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துபோவது இத்தொழிலில் புதிதன்று. கண்ணாடி போல் மின்னும் சிவப்புத் தரையின் படங்களின் கீழ் ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்செறிவோர், அந்த மினுக்கைத் தேய்த்தெடுத்த கைகளின் நிலையையும் சேர்த்து நினைப்பதே நேர்மை.

விடுதலைக்குப் பின் அரசுப் பணித்துறைகள் இக்கலையை விதியாக எழுதின. ‘இந்தியன் பேட்டன்ட் ஸ்டோன்’ என்ற விந்தையான பெயரோடு, ஐபிஎஸ் என்ற சுருக்கத்தில், சாம்பல் நிறக் கான்கிரீட் தரை பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அரசுக் குடியிருப்புகளிலும் பரவியது. கல்லே இல்லாத அதற்குக் கல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தியத் தர நிறுவனம் 1970இல் வெளியிட்ட ஐஎஸ் 2571, இருந்த இடத்திலேயே வார்க்கும் கான்கிரீட் தரைக்கான நடைமுறையை வகுத்தது. தரையைக் கட்டங்களாகப் பிரித்து நடுவே கண்ணாடிப் பட்டைகளை நட்டதால் வெடிப்பு பட்டையோரமாக அடங்கியது. ஏட்டில் எழுதக் கூடியவையெல்லாம் எழுதப்பட்டன. கரண்டியை எப்போது வைப்பது என்ற அறிவு மட்டும் கொத்தனாரின் விரலிலேயே தங்கியது.

1970களுக்குப் பின் வளைகுடாப் பணம் கேரளக் கடற்கரையின் வீடுகளை மாற்றியது. மொசைக் வந்தது, அதன் பின் பளிங்கு, கிரானைட், இறுதியில் குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் விட்ரிஃபைடு ஓடுகள். விடுமுறைக்கு ஊர் வருபவருக்கு வீடு விரைவில் முடிய வேண்டும். மூழ்கிக் கிடக்கும் தரைக்காக எவரும் காத்திருக்கவில்லை. சிவப்புத் தரை வறுமையின் அடையாளமாயிற்று. பலர் அதைக் கொத்தாமலேயே அதன் மேல் ஓடு பதித்தனர். அப்போது திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர், உள்ளூர்ப் பொருளையும் உள்ளூர்க் கைகளையும் கொண்டு குறைந்த செலவில் கட்டும் வழியை முன்வைத்தார். அவரைப் பின்பற்றிய கட்டடக் கலைஞர்களின் வீடுகளில் வண்ணச் சிமெண்ட் தரை உயிரோடு இருந்தது. பெருந்திரள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஓட்டின் வருகையோடு ஈரத்தின் கதையும் திசை மாறியது. விட்ரிஃபைடு ஓடு நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு ஓட்டிணைப்புகளே ஒரே வாயில். ஆகவே உப்பு அங்கே வெள்ளைக் கோடாகப் பூக்கிறது, அல்லது சுவரை நோக்கி நகர்ந்து அடிச்சுவரின் பூச்சை உதிர்க்கிறது. தரையை மூடிய பின் சுவர் நனையத் தொடங்கியது என்று வீட்டுக்காரர்கள் குழம்புவது இதனால்தான். நீர் மறையவில்லை, வேறு வாசலைத் தேடிக்கொண்டது.

அண்மைக் காலத்தில் கான்கிரீட்டையே மேற்பரப்பாகக் காட்டும் விருப்பம் கோவா, கொச்சி, மங்களூர் வீடுகளில் மீண்டும் எழுந்திருக்கிறது. சிவப்பு ஆக்சைடு தரையைத் தேடிக் கேட்போரும் உண்டு. ஆனால் ஒருநாள் முழுதும் தரையில் குந்தித் தேய்க்கும் கொத்தனார் அரிதாகிவிட்டார். தேய்த்தல் செய்ய வேண்டியதை வாளியில் வரும் திரவத்திடம் ஒப்படைக்கின்றனர். இத்திரவங்கள் இருவகை என்பதை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை. எபாக்சி, பாலியூரிதேன், அக்ரிலிக் ஆகியவை மேலே படலம் போட்டு மூடுபவை. மாடித்தளத்தில் அவை நன்றாக உழைக்கும். மண்ணின் மேல் நேரடியாக அமர்ந்த, அடியில் தடுப்பில்லாத கடற்கரைத் தரையில், ஏறும் ஆவி அவற்றைக் கொப்புளமாக்கும். சிலேன், சிலோக்சேன் வகைகள் உள்ளே இறங்கித் துளைச்சுவரில் படிந்து, துளையைத் திறந்தே விட்டு நீரை மட்டும் விலக்குபவை. சிலிகேட் வகைகள் எஞ்சிய சுண்ணாம்போடு வினைபுரிந்து பரப்பை இறுக்குபவை. சிலேன் செய்வது நெய் செய்ததையே; பொருள் புதிது, கருத்து பழையது. சிமெண்டோடு கலக்கும் நீர்த்தடுப்புப் பொடிகளிலும் கால்சியம் ஸ்டியரேட் என்ற பெயரில் அதே கால்சியம் சோப்பு இன்று பொட்டலங்களில் விற்கப்படுகிறது.

கீழிருந்து வரும் நீரை நிறுத்த வேண்டிய இடம் தரையின் மேற்பரப்பு அன்று, அதன் அடிப்பகுதி. மேட்டில் எழுப்பிய அடித்தளம், நுண்மணல் இல்லாத ஜல்லிப் படுகை, அதன் மேல் கிழியாமல் விரித்துச் சுவரோரம் மடித்தேற்றிய தடித்த பாலித்தீன் விரிப்பு, பிறகு நீர் குறைத்துக் கலந்த கான்கிரீட். பழைய வீடுகள் உயர்ந்த திண்ணையின் மேல் நின்றதன் பொருளும் ஓரளவு இதுவே. அந்த உயரம் மதிப்புக்காக மட்டும் அமைந்ததன்று. கட்டி முடித்த வீட்டில் இதைச் செய்ய வழியில்லை என்றால், மேலே மூடாமல் மூச்சுவிடும் பூச்சைத் தேர்வதே மிஞ்சும் வழி.

எந்த ஈரம் என்று அறிய எளிய சோதனை ஒன்று பொறியாளரிடையே வழக்கில் உள்ளது. 18 அங்குலச் சதுரமான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் தரையில் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடவேண்டும். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ தரை கருத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேற்பரப்பு நனைந்து, அடிப்புறம் உலர்ந்திருந்தால் அது காற்றின் வியர்வை. அதற்குச் சன்னலும் மின்விசிறியுமே போதும். இச்சோதனையைக் கோடையில் ஒருமுறை செய்தால் பாதி உண்மையே தெரியும். மழை தொடங்கி நிலத்தடி நீர் ஏறியபின் மற்றொருமுறை செய்ய வேண்டும். புதிய கான்கிரீட்டாக இருந்தால் ஓர் அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் என்பது நல்ல காற்றோட்டமுள்ள இடத்துக்கான தோராயக் கணக்கு. நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதம். ஆனி, ஆடி மழையில் அந்த மாதங்கள் கணக்கில் சேரா.